கோடு இருக்கிற பக்கம் சிவப்பு

அக்காவுக்குக் காதுதான் சோறு போடுகிறது. யார் யாரோ எங்கெங்கோ கூடிப் பேசியதை ஒலிப்பதிவாக அனுப்பி வைப்பார்கள். அவள் அதைக் கேட்டு, ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவாள். டாக்டர்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பது, கமிட்டிக்காரர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுவது, விசாரணையில் சாட்சி மென்று விழுங்குவது எல்லாம் அவள் காது வழியாகத்தான் எழுத்தாகிறது. உண்மையில் அவள் அக்கா என்பது அவள் தம்பி ஒருவனுக்குத்தான். ஆனால் கீழ்வீட்டுக்காரர் முதல் பார்சல் கொண்டு வருபவர் வரை அந்தக் குடியிருப்பில் எல்லோருக்கும் அவள் அக்காதான். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

பல வருடங்களாக அவளுடைய அலுவலகம் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலை. தட்டு வரும்போது கணினி நகர வேண்டும், கணினி வரும்போது ஊறுகாய் பாட்டில் நகர வேண்டும். போன வருடம் மகள் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போனாள். அவள் படுத்த சின்ன அறை காலியானது. "நீயே எடுத்துக்கயேன், உனக்கும் ஒரு இடம் வேணும்ல" என்று வாய்விட்டுச் சொன்னது கணவர்தான். அன்றைக்கு அக்காவுக்கு அவரைக் கொஞ்சம் கூடுதலாகவே பிடித்துப்போனது. அறைக்கு ஒரு ஜன்னல், ஒரு கதவு, ஒரு மேசை. கதவு என்றால் சாத்தக்கூடிய கதவு. அது இல்லாமல் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

இனி மிச்சம் ஒரே ஒரு ஆசை. நாள் முழுக்க ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிடந்து காது மடல் இரண்டும் சிவந்து போகும். படுத்தால் தலையணை பட்டாலே வலிக்கும். வேலை முடிந்ததும் அந்தச் சனியனைக் கழற்றி எறிந்துவிட்டு, காது இரண்டும் காற்றாட, தன் அறையில் தான் உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும். சத்தமாக இல்லை. அறை நிறைந்தால் போதும்.

இந்த விஷயத்துக்கு வேறு யாரிடம் போவாள்? தம்பி இருக்கிறானே. சட்டைப் பையில் எந்நேரமும் குறடு இருந்ததால் பள்ளிக்கூடத்திலேயே அவனுக்குக் குறடு என்று பேர் விழுந்துவிட்டது. கூட்ட அரங்குகளுக்கும் கடைகளுக்கும் ஒலி அமைத்துக் கொடுப்பது அவன் தொழில். ஊரில் பாதி ஸ்பீக்கர் அவன் கைபட்டுத்தான் பேசுகிறது. மற்ற விஷயங்களில் குறடு சுமார்தான். சொன்ன நேரத்துக்கு வரமாட்டான், வாங்கிய குடையைத் திருப்பித் தரமாட்டான். ஆனால் சத்தம் என்று வந்துவிட்டால் அரிச்சந்திரனுக்குப் பக்கத்து வீடு. "நல்லா இல்ல" என்று அவன் சொன்னால் கடைக்காரன் அழுதாலும் அது நல்லா இல்லைதான்.

ஹெட்போனைப் பற்றி அவனுடைய கருத்து வீடறிந்தது. "ஹெட்போன்ல பாட்டு கேக்குறது மூக்கப் பிடிச்சுக்கிட்டு சாப்பிடுற மாதிரிக்கா. வயிறு ரொம்பும், அவ்வளவுதான்."

முதலில் அவன் கொண்டு வந்தது ஒற்றை டப்பா ஸ்பீக்கர், ஒயரே இல்லாதது. ஒரு வாரம் வைத்துப் பார்த்தார்கள். பாட்டுக் கேட்டது, குறையொன்றுமில்லை. ஆனால் பாடுகிறவள் டப்பாவுக்குள் உட்கார்ந்து பாடினாள். "வெளிய வரமாட்டேங்குறா" என்றாள் அக்கா. "வரமாட்டா. ரெண்டு வேணும்க்கா. ஒரு ஜோடி போட்டாத்தான் நடுவுல வந்து நிப்பா" என்றான் குறடு. அடுத்த ஞாயிறு ஜோடி கொண்டு வருவதாகப் பேச்சு.

இதற்கு நடுவே கணவருக்குத் திடீரென்று அக்கறை வந்தது. அவர் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளர். அவருக்குப் பாட்டு என்பது செய்தி தொடங்குவதற்கு முன் வருகிற சத்தம். அப்பேர்ப்பட்ட மனிதர் மாலையில் வந்து அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று கை தட்டினார்.

"கதவ சாத்தினா ஹால்ல டிவி ஓடுறது உள்ள கேக்குதா?"

"லேசா கேக்கும். ஏங்க?"

"சும்மாதான். பாட்டு கேக்குறப்ப உனக்குத் தொந்தரவா இருக்குமேன்னு பாத்தேன்." கொஞ்சம் பொறுத்து, "எதுக்கு ஸ்பீக்கரு, சுவத்துல ஓட்ட போட்டுக்கிட்டு? நல்லதா ஒரு ஹெட்போன் வாங்கிடலாமே. நானே வாங்கித் தரேன்" என்றார்.

அக்கா சிரித்துவிட்டு மறுத்தாள். ஆனால் உள்ளுக்குள் குளிர்ந்துதான் போனாள். இத்தனை வருடத்தில் மனுஷன் நமக்காக அறைக்குள் நின்று கை தட்டிப் பார்க்கிறாரே என்று அவளுக்கு ஒரு பெருமை. பாவம்.

ஞாயிற்றுக்கிழமை குறடு ஜோடி ஸ்பீக்கரும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் கொண்டு வந்தான். அக்காவுக்கும் தம்பிக்கும் இதில் ஒரு பழக்கம் உண்டு. அவன் ஒயர் மாட்டும்போது அவள் டார்ச் பிடிப்பாள். ஸ்பீக்கர் ஒயர் இரட்டையாக ஒட்டி வரும்; ஒன்றின் மேல் மெல்லிய கோடு ஓடும், மற்றது வெறுமையாக இருக்கும். கோடு இருக்கிற ஒயரை எங்கே மாட்டினாலும் சிவப்பு முனையில் மாட்ட வேண்டும், வெறும் ஒயரைக் கறுப்பில். சின்ன வயதில் அவன் வீட்டு ரேடியோவின் பேட்டரி ஒயரை இப்படி மாற்றிப் போட்டு அதைப் பாழாக்கி வாங்கிக் கட்டிக்கொண்டதிலிருந்து, அவன் மாட்டும்போது அவள் சொல்வாள்: "கோடு இருக்கிற பக்கம்?" அவன் சொல்வான்: "சிவப்பு." கல்யாணம் ஆகி, பிள்ளை பெற்று, தலை நரைத்த பிறகும் இது நடந்துகொண்டுதான் இருந்தது.

அன்றைக்கு அவள் டார்ச்சோடு வந்து நின்றபோது, "அதெல்லாம் வேணாம், நீ போயி டீ போடுக்கா" என்றான் அவன். தலை நிமிராமல் சொன்னான். அவள் போய் டீ போட்டாள்.

அவளுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்று உண்டு. தொடக்கத்தில் வாத்தியம் எதுவும் இருக்காது, ஒரு பெண் குரல் மட்டும் தனியாக வரும். அதைப் போட்டார்கள். குரல் வந்தது. ஆனால் எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியவில்லை. இடமும் இல்லை, வலமும் இல்லை, நடுவில் சுத்தமாக இல்லை. சுவரில் பூசிவிட்ட மாதிரி எங்கும் ஒட்டிக்கொண்டு, எங்கும் நிற்காமல். பின்னால் மத்தளம் சேர்ந்தபோது அதில் அடி இல்லை. அட்டைப் பெட்டியைத் தட்டுகிற சத்தம்.

"என்னடா இது?"

குறடு டீயை ஊதினான். "ரூம் சரியில்லக்கா. ரொம்ப சின்னது. சுவரு சத்தத்த திருப்பித் திருப்பி அடிக்குது. எந்த ஸ்பீக்கர் போட்டாலும் இப்படித்தான் இருக்கும்."

"நடுவுல வந்து நிப்பான்னு சொன்னியே?"

"பெரிய ரூமா இருந்தா நிப்பா." டம்ளருக்குள் பார்த்துக்கொண்டே, "ஹெட்போன் வாங்கிக்கக்கா. இப்ப எல்லாம் நல்லதா வருது. எங்க வேணா எடுத்துட்டுப் போலாம், எங்க வேணா உக்காந்து கேக்கலாம்" என்றான்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிடுவது என்னாயிற்று என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவில்லை. குறடு சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அவளுக்கு அழுகை மட்டும் வந்தது, அதை அடக்கிக்கொண்டாள். "ஒரு வாரம் இருக்கட்டும்டா, பாக்குறேன்" என்றாள். அடுத்த ஞாயிறு வந்து எடுத்துப் போவதாகவும், வரும்போது ஹெட்போன் கொண்டு வருவதாகவும் சொல்லிவிட்டு அவன் வேகமாகப் படியிறங்கினான்.

அந்த வாரம் முழுக்க அக்கா அறைக்கு வைத்தியம் பார்த்தாள். ஜன்னலுக்குத் தடித்த திரை தைத்துப் போட்டாள். எதிர்ச் சுவரில் கம்பளியைத் தொங்கவிட்டாள். புத்தக அலமாரியை இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கும், அங்கிருந்து திரும்ப இங்கும் தள்ளினாள். மேசைக்கடியில் தலையணை வைத்தாள். கணவர் எட்டிப் பார்த்து, "விடேன், ரூம் லட்சணம் அப்படி. அதுக்கு நீ என்ன பண்ணுவ?" என்று மிகவும் ஆறுதலாகச் சொன்னார். எத்தனை ஆசைப்பட்டுக் கிடைத்த அறை! அதைப் போய், பிறவியிலேயே ஊனம் உள்ள பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்க்கத் தொடங்கினாள். வியாழக்கிழமை வாக்கில் அவளே முடிவுக்கு வந்துவிட்டாள். சரி, ஹெட்போனே இருக்கட்டும். நமக்கு அவ்வளவுதான் கொடுத்து வைத்தது.

ஞாயிறு காலை, குறடு வந்தால் சிரமப்படாமல் எடுத்துப் போகட்டும் என்று ஸ்பீக்கர்களைத் துடைத்து வைக்கப் போனாள். இடது பக்கத்து ஸ்பீக்கரைத் திருப்பினாள். பின்னால் சிவப்பு முனை, கறுப்பு முனை. சிவப்பில் மாட்டிய ஒயரின் நுனியில் சிவப்பு டேப் சுற்றியிருந்தது. புது டேப். குறடு டேப் சுற்றுகிறவன் இல்லையே, கோடு இருக்கும்போது டேப் எதற்கு என்று நினைத்துக்கொண்டே கட்டை விரலால் நெருடினாள். டேப் பிரிந்து வந்தது. உள்ளே வெறும் ஒயர். கோடு இருக்கிற ஒயர் கறுப்பில் இருந்தது. அதன் நுனியிலும் கோடு தெரியாமல் கறுப்பு டேப்.

அவள் ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். அங்கே கோடு சிவப்பில்தான் இருந்தது. வலது ஸ்பீக்கரிலும் சிவப்பில்தான். இந்த ஒன்றில் மட்டும் மாறியிருந்தது. அப்படியானால் ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். நடுவில் வர வேண்டியதெல்லாம் ஒன்றையொன்று தின்று தீர்த்துவிடும்.

மாற்றி மாட்டினாள். பாட்டைப் போட்டாள்.

அந்தப் பெண் வந்தாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், மேசைக்குக் கொஞ்சம் மேலே, எட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில் வந்து நின்று பாடினாள். மூச்சு இழுப்பது கேட்டது. மத்தளம் சேர்ந்தபோது அக்காவின் நாற்காலிக் கை அதிர்ந்தது. ஜன்னல் திரை, கம்பளி, தலையணை எதுவும் வேண்டியிருக்கவில்லை. அறையில் ஒரு குறையும் இல்லை. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "அட மடையா, நீ கூடவா மாத்திப் போடுவ!" இதை வைத்து அவனை எத்தனை வருடம் ஓட்டலாம் என்றுகூடக் கணக்குப் போட்டாள்.

சிரிப்பு பாட்டு முடிகிறவரைக்கும் தாங்கவில்லை. மாற்றிப் போடுவது கை தவறி நடக்கலாம். மாற்றிப் போட்டுவிட்டு, கோடு தெரியாமல் டேப் சுற்றி மறைப்பது கை தவறி நடக்காது. கையில் ஒட்டிய டேப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டீ போடச் சொல்லி அனுப்பினது நினைவுக்கு வந்தது.

குறடு மத்தியானம் வந்தான், கையில் பளபளவென்று ஒரு ஹெட்போன் பெட்டியோடு. அக்கா, "உக்காரு" என்று தன் நாற்காலியைக் காட்டினாள். அவன் உட்கார்ந்தான். பாட்டைப் போட்டாள்.

குரல் வந்து நடுவில் நின்றதுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. வாய்தான் பொய் சொல்லும். குறடுவின் முகத்துக்கு அந்த வித்தை வராது. கண் தானாகக் குரல் நின்ற இடத்துக்குப் போனது, பிறகு இடது ஸ்பீக்கருக்குப் போனது, பிறகு தரைக்கு. பாட்டு முடிந்தது.

"நல்லா இருக்கா?" என்றாள் அக்கா.

"நல்லா இருக்குக்கா."

"ரூம் சின்னதா இருக்கே?"

அவன் பையிலிருந்த குறடை எடுத்தான், திரும்பப் போட்டான். "அத்தான்தான்க்கா கேட்டாரு."

"என்ன கேட்டாரு?"

"அடுத்த மாசத்துல இருந்து அவரு ஆபீஸ மூடுறாங்களாம். எல்லாரும் வீட்ல இருந்துதான் வேல பாக்கணுமாம். அவருக்கு மீட்டிங் ஜாஸ்தி, கதவு வச்ச ரூம் வேணுமாம். நீ மறுபடி மேசைக்கே..." அவன் நிறுத்தினான்.

கை தட்டிப் பார்த்தது எதற்கு என்று அப்போது அவளுக்கு விளங்கியது. டிவி சத்தம் உள்ளே கேட்கிறதா என்று கேட்டதும் விளங்கியது. அந்தப் பெருமையை நினைக்கவே கூசியது.

"அவரு கேட்டாரு, சரி. என்கிட்ட சொல்லிருந்தா சண்ட போட்டிருப்பேன், அழுதிருப்பேன், ஒருவேள விட்டுக்கூடக் கொடுத்திருப்பேன். நீ எதுக்குடா?"

"ஸ்பீக்கர மாட்டிட்டா நீ ரூம விடமாட்டன்னு சொன்னாரு. உங்களுக்குள்ள சண்ட வேணாம்னு நெனச்சேன்க்கா. நீயா வேணாம்னு சொல்லிட்டா உனக்கும் வலிக்காதுல்ல?"

"வலிக்காதா? ஒரு வாரமா இந்த ரூமத் திட்டிக்கிட்டு இருந்தேன்டா. என் ராசி இதுன்னு என்னைத் திட்டிக்கிட்டு இருந்தேன். நீ பொய் சொல்லிருக்கலாம். எல்லாருந்தான் சொல்றாங்க, நான் டைப் அடிக்கிறதுல பாதி பொய்தான். ஆனா நீ என் காத வச்சே என்ன ஏமாத்திருக்க. உனக்கு வேற எதுவுமே கெடைக்கலயா?"

குறடு அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. அவன் அழுது பார்த்து அவள் தேற்றாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

"வண்டில டிரில் இருக்கா?" என்றாள்.

"இருக்கு."

"எடுத்துட்டு வா. சுவத்துல மாட்டு. ரெண்டையும்."

அவன் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கணவர் கடைத்தெருவிலிருந்து திரும்பினார். சத்தம் கேட்டு நேரே அறைக்கு வந்தார். வாசலில் நின்றார். சுவரில் துளை, தரையில் செங்கல் தூள், மச்சினன் முகத்தில் கண்ணீர்க் கறை. மனிதருக்கு விவரம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"நான் உன்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்" என்றார்.

"எப்போ?"

"ஹெட்போன் வந்ததும்."

அக்காவின் கால் மேசைக்கடியில், ஒலிப்பதிவை ஓட்டுகிற பெடலைத் தேடியது. வேலையில் ஒரு வாக்கியம் நம்ப முடியாததாக இருந்தால் அதை மிதித்து, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்பது அவள் வழக்கம். இதைத் திரும்பக் கேட்கத் தேவையில்லை. தெளிவாகவே இருந்தது.

"இந்த ரூம எடுத்துக்கன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அப்ப நிலைமை வேற. என் வேலை என்ன, உன் வேலை என்ன? மேலதிகாரிங்க முன்னாடி நான் சமையல் சத்தத்தோட உக்காந்து பேச முடியுமா? உனக்கு எப்படியும் காதுல மாட்டிக்கிட்டுத்தான வேலை. மேசைல இருந்தா என்ன, ரூம்ல இருந்தா என்ன?"

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம்கூட இல்லை. கணக்குச் சரியாக இருப்பதாக அவர் உண்மையாகவே நம்பினார். அக்காவுக்கு அதுதான் தாங்கவில்லை. அவள் எழுந்து ஹெட்போன் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே சொல்லிட்டீங்க. காதுல மாட்டிக்கிட்டா மேசைல இருந்தா என்ன. நல்ல ஹெட்போனாம், எங்க வேணா எடுத்துட்டுப் போலாமாம். உங்க மச்சினன் சொன்னான், சத்தத்துல அவன் பொய் சொல்லமாட்டான்."

குறடு டிரில்லைக் கீழே வைத்தான். கணவர் பெட்டியை வாங்கிக்கொண்டார். மச்சினனைப் பார்த்தார், அங்கே உதவி இல்லை என்று கண்டு ஹாலுக்குப் போனார். டிவி ஓடத் தொடங்கியது. அக்கா கதவைச் சாத்தினாள். லேசாகக் கேட்டது.

குறடு இரண்டு ஸ்பீக்கரையும் மாட்டி முடித்தான். மட்டம் பார்த்தான். ஒயரைச் சுவரோரமாக ஒழுங்காக இழுத்து, நுனியைச் சீவி, முனைகளில் செருகித் திருகினான். நல்ல வேலைக்காரன், அதில் யாரும் குறை சொல்ல முடியாது. டார்ச் மேசை மேல் கிடந்தது. அவன் ஒவ்வொரு முனையையும் திருகும்போது கொஞ்சம் நின்றான். அவள் கேட்பாள் என்று நின்றானோ என்னவோ. அவள் கேட்கவில்லை.

கடைசியில் அவனே மெல்லச் சொன்னான். "கோடு இருக்கிற பக்கம் சிவப்பு."

அக்கா மேசை மேல் கிடந்த டார்ச்சைப் பார்த்தாள்.

"பாட்டுப் போடட்டுமாக்கா?"

"இரு" என்றாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினாள். டார்ச்சை எடுத்து இடது ஸ்பீக்கரின் பின்னால் அடித்தாள். கோட்டின் மேல் விரலை வைத்து, சுவரோரமாக, மேசை வரை, ஆம்ப்ளிஃபயர் வரை, விடாமல் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு வலது பக்கமும் அதேபோல. குறடு சுவரில் சாய்ந்து நின்று, அவள் முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தான்.